சிக்னல்மேன் கையக் கட்டுனவ

சும்மா கெட மாமு. "வுட்றா பாய், அந்தப் பொண்ணு பாவம்"னு திரும்ப ஆரம்பிக்காத. மண்ணுக்குள்ள பூந்து ஒரு வருசம் ஆவப் போவுது, இன்னும் உனுக்கு நாட்டாம பண்ற புத்தி போவல. அவ பாவம்னா நீ யாரு? உன் ரெண்டு கையயும் கட்டில் கம்பியோட சேத்து இறுக்கிக் கட்டுனாளே, அப்ப நீ அவ கண்ணுக்கு மன்சனாத் தெரிஞ்சியா, ஆடாத் தெரிஞ்சியா? புளியந்தோப்புக்கு அறுக்கக் கொண்டாற ஆட்டக்கூட அப்டிக் கட்ட மாட்டாங்கடா. நீ வோணும்னா மன்னிச்சிக்க. உனுக்கு உங்க சாமியார் கத்துக் குடுத்துகிறாரு. எனுக்கு அந்தப் பாடம் வர்றதுக்குள்ள நான் அஞ்சாவதோட பள்ளிக்கூடத்த வுட்டு ஓடியாந்துட்டேன்.

இன்னாத்துக்குக் காலங்காத்தால இத்தினி கோவம்னு கேக்குறியா? டோல்கேட்டாண்ட மருந்துக் கடைக்குப் போனேன். கால் கட்ட வெரல வூட்டு வாசப்படில இடிச்சிகினேன், நகம் பேந்துச்சி. கடக்காரன் ஒரு பேண்டேஜ் சுருள எடுத்துக் குடுத்தான். மேல சுத்துன காகிதத்தக் கிழிச்சதும் ஒரு வாட வந்துச்சி பாரு. புதுத் துணி வாடயும் ஆஸ்பத்திரி ஸ்பிரிட்டு வாடயும் கலந்து. அவ்ளோதான், கால் வலி போன எடம் தெரியல. உன் மணிக்கட்டு ரெண்டும் கண்ணு முன்னால வந்து நின்னுச்சி. அதுல பதிஞ்சி இருந்த வரி வரியான தடம் கூட. கடக்காரன் "இன்னா பாய், மயக்கமா?"ன்றான். உன் கடைல காத்து இல்லடான்னு அவன் மேல பழியப் போட்டுட்டு வந்துட்டேன்.

உன் கை இன்னா கைன்னு அவளுக்குத் தெரியுமா? ஆர்பர்ல நான் மேல சரக்கு தூக்குற வின்ச்சுல குந்திகினு இருப்பேன். கப்பல் வயித்துக்குள்ள இன்னா நடக்குதுன்னு எனுக்கு ஒரு மண்ணும் தெரியாது. நீ கப்பல் வாயாண்ட நிப்ப. அங்க கீற சத்தத்துல கத்துனா காக்கா கூடத் திரும்பாது. உன் கையப் பாத்துதான் நான் லோட ஏத்தணும், எறக்கணும். வெரல மேல காட்டி சுத்துனா தூக்கு. உள்ளங்கையக் கீய தட்டுனா எறக்கு. ரெண்டு முஷ்டியயும் நெஞ்சு மேல குறுக்க வெச்சா நிறுத்து, கீய ஆளு கீறான், அசையாதன்னு அர்த்தம். இருவத்தெட்டு வருசம். என் பொண்டாட்டி பேச்சக் கூட நான் அத்தினி ஒயுங்காக் கேட்டதில்ல. அத்த அவளே நம்ம ரெண்டு பேர் மூஞ்சிக்கு நேரா சொல்லிகிறா.

அந்தக் கையத் தான் கட்டுனா அவ, அந்த ஆஸ்பத்திரி நர்சு. கலா சிஸ்டரு.

உனுக்கு அந்த நாள் நெனப்பு இருக்குமோ இருக்காதோ. நெஞ்சுல சளி கட்டி மூச்சுத் திணறி உன்னத் தூக்கிகினு போயி ஐ.சி.யு.ல போட்டு மூணாவது நாளு. நாலு மணிக்கு விசிட்டர உள்ள வுடுவாங்க, ஒருத்தர் மாத்தி ஒருத்தரு. உன் வூட்டுக்காரி ரீட்டாம்மா, "அண்ணே, மொதல்ல நீங்க போங்க. உங்களப் பாத்தாத் தான் அவரு நல்லாப் பேசுவாரு"ன்னு என்னத் தள்ளி வுட்டா. கதவாண்ட கலா சிஸ்டரு நின்னுகினு, இன்னிக்கு ஒரு மாதிரி கொயப்பமா பேசறாரு, மெதுவாப் பேசுங்கன்னு சொன்னா. நான் எங்க கேட்டேன்? அவன் எந்த நாள்மா தெளிவாப் பேசுனான்னு கேட்டுகினே உள்ள வந்துட்டேன்.

மூக்கு மேல ஆக்சிஜன் மூடி, கையில ரெண்டு மூணு ட்யூப்பு. ஆனா கண்ணு சோக்காத் தான் இருந்துச்சி. என்னப் பாத்த. மேல பாத்த. "பாய், லோடு தொங்குதுடா. எறக்காத"ன்ன. மேல இன்னா கீது? வெள்ள சீலிங்கு, ஒரு ஏசி பொட்டி. ரெண்டு முஷ்டியயும் நெஞ்சு மேல குறுக்க வெச்ச. நிறுத்து.

எனுக்கு சந்தோசம் தாங்கல மாமு. ஆளு பொயச்சிகினான், வந்ததும் என்னக் கலாய்க்க ஆரம்பிச்சிட்டான்னு நெனச்சேன். ஆர்பர்ல நம்ம ஆடாத ஆட்டமா? வேல நின்னு வெறுங்கொக்கி உன் தலைக்கு மேல தொங்குறப்ப நான் அந்த ஒரு வார்த்தயக் கத்துவேன், நீ எகிறி வுழுவ, எய்ந்து வந்து என் பரம்பரையவே இஸ்து வெச்சித் திட்டுவ. மறுநா என் செருப்புக்குள்ள கிரீசத் தடவி வெப்ப. அதே ஆட்டந்தான்னு நானும் உன் கட்டிலாண்ட குந்திகினு வின்ச்சு ஓட்டுற மாதிரி கையால லீவர இஸ்தேன். "தோ எறக்கறேன், தோ எறக்கறேன்"னேன். அப்பால கத்துனேன்.

"கயிறு அந்துச்சி மாமு."

நீ குதிச்ச. மூக்கு மூடி ஒரு பக்கம், ட்யூப்பு ஒரு பக்கம், ரத்தம் பெட்ஷீட்டெல்லாம். கம்பிக்கு மேல கால போட்டு வெளிய வுழப் பாத்த. என் சிரிப்பு வாயிலயே நின்னுபூச்சி. கலா சிஸ்டரு ஓடியாந்தா, ஒரு ஆளு என்ன இஸ்துகினு போயி வெளிய தள்ளுனான். கண்ணாடி வயியாப் பாத்தேன். சுருளப் பிரிச்சி உன் மணிக்கட்ட சுத்துனா, கம்பில கட்டுனா, அந்தாண்ட போயி இன்னொரு கையயும் கட்டுனா. உன் முஷ்டி ரெண்டும் நெஞ்சுக்கு வரப் பாக்குது, கட்டு வுடல. வருது, இஸ்துக்குது. நீ இன்னா சொல்றன்னு அந்த ரூம்ல ஒருத்தருக்கும் தெரியல. தெரிஞ்ச ஒருத்தன் கண்ணாடிக்கு வெளிய நின்னுகினு இருந்தான்.

பக்கத்துல நின்ன ஒருத்தன் சொல்றான், "பெருசு சரக்குக்கு அலையுது"ன்னு. உன்னிய. மாதா கோயில்ல சத்தியம் பண்ணிட்டு அப்பால கள்ளக் கூட மோந்து பாக்காதவன. ரெண்டு நாள் அப்டியே கெடந்த. மூணாம் நாள் எங்கள வுட்டுப் பூட்ட. கட்டக் கயட்டுனது ரீட்டாம்மா தான். கயட்டிட்டு அந்தத் தடத்தத் தேச்சிகினே இருந்தா, தேச்சா போயிடும்ன்ற மாதிரி. ராயபுரத்துல உன்னக் குழியில எறக்குறப்ப அல்லாரும் செபம் சொல்லிகினு இருந்தாங்க. நான் கலா சிஸ்டரு பேரத் தான் சொல்லிகினு இருந்தேன்.

அப்பால நான் பண்ணுனத கேளு. தெனிக்கும் அந்த ஆஸ்பத்திரி வாசல்ல போயி குந்துவேன். கலா சிஸ்டரு டூட்டி முடிஞ்சி வெளிய வந்தா, அவ காதுல வுழற மாதிரி பக்கத்துல கீறவங்க கிட்ட சொல்லுவேன், உள்ள போறதுன்னா கைய வூட்டுல வெச்சிட்டுப் போங்க, இங்க கட்டிப் போட்றுவாங்கன்னு. அவ தலயக் குனிஞ்சிகினு போவா. எனுக்கு நாஸ்டா துன்ன மாதிரி இருக்கும். ஆபீசுக்கு மனு எயுதுனேன், என் கோணக் கையெயுத்துலயே. ஒரு தடவ இல்ல, ஆறு தடவ. ஆறாவதுல கலா சிஸ்டரு கையயும் கட்டி ஒரு நாள் படுக்க வைங்க, அப்ப என் மனு வாபஸ்னு எயுதுனேன்.

அதுக்குத் தான் டீச்சர் சிஸ்டர அனுப்புனாங்க. ஒல்லியா, கண்ணாடி போட்டு, நாரோயிலு பேச்சு. நர்சுங்களுக்குப் பாடம் எடுக்கறவங்களாம். பக்கத்துல குந்துனாங்க. சண்ட போடுவாங்கன்னு நான் தயாரா இருந்தேன், அவங்க இன்னா சொன்னாங்க தெரியுமா?

"பெரியவரே, வெயில்ல காயறதுக்குப் பதிலா உள்ள வந்து கட்டில்ல படுங்க. எங்களுக்கு ஒரு பேஷண்ட் வேணும்."

உனுக்கு வந்ததுக்கு ஒரு பேரு கீதாம், டெலீரியம்னு. பைத்தியம் இல்ல, குடி இல்ல, நடிப்பும் இல்ல, ஒடம்புல வந்த நோவு மூளையக் கொஞ்ச நாளைக்குக் கலக்கி வுட்ருதுன்னாங்க. நேத்து வரிக்கும் நல்லா இருந்தவரு இன்னிக்கு இல்லாதத பாப்பாரு, சொந்த ஊரு தெரியாது, ட்யூப்ப இஸ்துப் போடுவாரு. செல பேரு கத்தவே மாட்டாங்களாம், சொவுத்தப் பாத்துகினு பேசாமக் கெடப்பாங்க, அதுவும் இதே நோவு தானாம். நர்சுங்களுக்கு இத்தப் பாத்தாப் புரிய வெக்கறதுக்கு நடிக்க ஆளு இல்ல, அவங்களுக்குள்ளயே நடிச்சா சிரிச்சிடுறாங்க, நீங்க வாராவாரம் புதன்கெயம வந்து ரகள பண்ணுங்கன்னாங்க.

பூனையக் கூப்ட்டு மீன் கூடைக்குக் காவல் போட்ட மாதிரி. கலா சிஸ்டரு வருவாங்களான்னு மட்டும் கேட்டேன். எல்லாரும் வரணும், மாத்தி மாத்தின்னாங்க. அப்ப சரின்னேன். அல்லாரு முன்னாலயும் அவ என்னக் கட்டணும், அத்த அல்லாரும் பாக்கணும். அதான் என் கணக்கு.

மாமு, நான் ஆடுன ஆட்டத்த நீ பாக்கணும். ஒரு பொண்ணப் பாத்து, "நீ தான என் மீன் கூடயத் தூக்கிகினு ஓடுனவ"ன்னு கையப் புடிச்சிகினேன், அது நெசமாவே "நான் இல்ல தாத்தா"ன்னு அயுதுடுச்சி. பொய் ட்யூப்பெல்லாம் பிச்சி எறிஞ்சேன். ஒரு சோதன கீது. எயுத்து எயுத்தா சொல்லுவாங்களாம், 'அ' வர்றப்ப மட்டும் அவங்க கைய அமுக்கணும். நான் அல்லாத்துக்கும் அமுக்குனேன். அந்தப் பொண்ணு வெரல உதறிகினே போச்சி. அப்பால கேள்வி. கல்லு தண்ணில மெதக்குமா? படகுல வெச்சா மெதக்கும்மான்னேன். கடல்ல மீன் இருக்கான்னு கேட்டுச்சி. எந்தக் கடல்ல, எண்ணெ கொட்டுன எண்ணூர்லன்னா விசாரிச்சித்தான் சொல்லணும்னேன். டீச்சர் சிஸ்டரே வாயப் பொத்திகினு அந்தாண்ட திரும்பிகினாங்க.

அந்த சிரிப்பு அடங்குன ஒடனே தான் நான் கேட்டேன். "ஏம்மா, கையக் கட்டிப் போட்டவன் எப்டி உன் கைய அமுக்குவான்?" டீச்சர் சிஸ்டரு மெதுவா சொன்னாங்க, அதான், கட்டுறது கடேசி. அதுக்கு முன்னால வலி கீதா பாரு, ஒண்ணுக்கு முட்டுதான்னு பாரு, கண்ணாடியப் போட்டு வுடு, காதுக்கு மிஷின் இருந்தா வெச்சி வுடு, ஜன்னலத் தொற, இன்னா கெயம, இன்னா எடம்னு சொல்லிகினே இரு, வூட்டு ஆளு ஒருத்தரப் பக்கத்துல குந்த வையி. கட்டுனா பயம் இன்னும் ஏறும். இத்தயெல்லாம் ஒரு வருசம் முன்ன சொல்லிக் குடுத்து இருந்தான்னு எனுக்குள்ள ஒரு நெருப்பு. கலா சிஸ்டரு வரட்டும்னு பல்லக் கடிச்சிகினேன்.

அவ வர்றதுக்கு முந்துன வாரம் நடந்துச்சி அது.

நான் உன் மாதிரியே ஆரம்பிச்சேன். மேலப் பாத்து, "லோடு தொங்குது, லோடு தொங்குது"ன்னேன். ஒரு சின்னப் பொண்ணு, தங்கமான பொண்ணு, என் தலயத் தடவிகினு "சரி தாத்தா, நான் இறக்கிட்டேன், பயப்படாதீங்க"ன்னுச்சி. எனுக்கே மனசு கொயஞ்சி போச்சி. நல்லா பண்றியேம்மான்னு சொல்ல வாயத் தொறந்தேன். டீச்சர் சிஸ்டரு நிறுத்துனாங்க.

"அன்பாத்தான் சொன்ன. ஆனா நீ இறக்கிட்டேன்னு சொன்னா, மேல ஒண்ணு தொங்கினது அவருக்கு நெசமாயிடும். இல்லவே இல்லைன்னு சண்டையும் போடாத. உங்களுக்குத் தெரியுது, எனக்குத் தெரியல, நான் கூடவே இருக்கேன், உங்களுக்கு ஒண்ணும் ஆகாதுன்னு சொல்லு. வீட்டு ஆளுங்களுக்கும் சொல்லி அனுப்பு. வெளையாட்டுக்குக் கூட ஆமாம் போடக் கூடாது. அவரு விளையாடல. அந்த பயத்துல தான் கட்டில விட்டுக் குதிக்கிறது, ட்யூப இழுக்குறது எல்லாம்."

நான் கட்டில்ல படுத்துகினு கீறேன். மேல ஃபேன் சுத்துது. டீச்சர் சிஸ்டரு அடுத்தது சொல்லிகினே போறாங்க, பொண்ணுங்க எயுதிகினே போவுதுங்க. அடுத்த ஆளு வந்து என் பேரக் கேட்டுச்சி. எனுக்கு வாய் வரல. நல்லா நடிக்கிறாரு, பேசாமக் கெடக்குற டைப்புன்னு சொன்னாங்க.

ரெண்டு வாரம் போவல. ஜொரம்னு போன்ல பொய் சொன்னேன். கடலாண்ட பாறாங்கல்லு மேல போயி குந்திகினு உன் கூட சண்ட போட்டேன். நீ ஏன்டா நெசமாவே பயந்துட்டேன்னு ஒரு வார்த்த சொல்லலன்னு கேட்டேன். எப்டி சொல்லுவ? சொன்னியே. ரெண்டு முஷ்டியயும் வெச்சி சொன்ன. இருவத்தெட்டு வருசத்துல மொத தடவ நான் உன் கை சொன்னதக் கேக்கல. அன்னிக்கு மட்டும் கேக்கல.

மாமு, ஒரு மன்சன் தன்னத் தானே எப்டிப் பழி வாங்குறது? எனுக்கு வயி தெரியல. கலா சிஸ்டரப் பழி வாங்கத் தான் வயி தெரிஞ்சிச்சி. தெரிஞ்ச வேலயப் பாப்போம்னு மூணாவது வாரம் ஷேர் ஆட்டோ புடிச்சிப் போயி கட்டில்ல ஏறிப் படுத்துகினேன். நான் வர்லன்னு அவ பேரையும் அந்த புதனுக்குத் தான் தள்ளி வெச்சி இருந்தாங்க.

போன புதன்கெயம தான் அது. அவ வந்தா. எளச்சிகீறா. என்னப் பாத்ததும் நின்னுட்டா, அப்பால பக்கத்துல வந்தா. நான் ஒண்ணும் கொறைக்கல. நீ பண்ணுனத அப்டியே பண்ணுனேன். கண்ண மேல வெச்சேன், எகிறுனேன், கம்பிக்கு மேல கால போட்டேன். பக்கத்து டேபிள்ல பேண்டேஜ் சுருளும் வெச்சிகீறாங்க, கட்டுறாங்களான்னு பாக்குற சோதனைக்குத் தான். அவ கண்ணு அங்க போச்சி. எட்த்துக்கோ, எட்த்துக்கோன்னு நான் உள்ள வேண்டிகினு ரெண்டு முஷ்டியயும் நெஞ்சு மேல குறுக்க வெச்சேன்.

அவ எடுக்கல. என் ரெண்டு முஷ்டியயும் அவ கையால மூடிப் புடிச்சிகினா. கை சில்லுன்னு இருந்துச்சி. "இதப் பாத்திருக்கேன்"ன்னா. டீச்சர் சிஸ்டரப் பாத்து இல்ல, என்னப் பாத்து. "இது எதையோ சொல்றது. என்னான்னு எனக்குத் தெரியல. நான் இங்கதான் இருக்கேன், சொல்லுங்க." அப்டியே நின்னா, நான் கைய எறக்குற வரிக்கும். தோத்தது அவ இல்ல. வயித்தெரிச்சலு எனுக்கு.

சும்மா வுடுவனா. பாடம் முடிஞ்சதும் ஐ.சி.யு. கதவாண்ட வெராண்டாவுல மடக்கிட்டேன். ஒரு வருசமா மனசுக்குள்ள எயுதி எயுதி வெச்சத ஒண்ணு வுடாம சொன்னேன். நீ கட்டுனது கைய இல்லம்மா, அவன் வாயன்னேன். அவன் ஆர்பரு சிக்னல்மேன், அவன் பேசுனதே அந்தக் கையால தான், நிறுத்து நிறுத்துன்னு கத்துனான், உன் காதுல வுழலன்னேன். ரீட்டாம்மா அந்தத் தடத்தத் தேச்சதயும் சொன்னேன். நான் முடிச்சதும் அவ சொன்னா, கட்டுனது தப்பு தான், அன்னிக்கு எனக்கு வேற தெரியாது, அதுக்கு சாக்கு சொல்ல மாட்டேன்னு.

அதோட போயிருக்கலாம் அவ. போவல. கண்ணாடி வயியா உள்ள பாத்துகினே கேட்டா.

"ஒண்ணு மட்டும் புரியவே இல்ல பெரியவரே. நாலு மணிக்கு முன்னால கூட அமைதியா என் கையப் பிடிச்சிட்டு இருந்தாரு. உங்கள உள்ள விட்டுட்டு நான் அந்தப் பக்கம் திரும்பின ரெண்டு நிமிஷத்துல அப்படி பயந்துட்டாரு. நான் என்ன பண்ணேன்? நான் போட்ட ஊசியா, நான் சொன்ன ஏதாவதா? அதையே தான் யோசிச்சிட்டு இருக்கேன், இன்னிக்கு வரைக்கும்."

மாமு, ஒரு வருசமா நான் வேண்டிகினது இது ஒண்ணு தான். அவளுக்கு சோறு எறங்கக் கூடாது, தூக்கம் புடிக்கக் கூடாதுன்னு. எறங்கல, புடிக்கல. நான் வாய மூடிகினு ஷேர் ஆட்டோ ஏறுனாப் போதும், ஆயுசு பூரா அவ தூக்கிகினு திரிவா. அந்த ருசி நாக்குல வந்துச்சி, பொய் சொல்ல மாட்டேன். வந்துட்டு அப்டியே கசந்துச்சி.

"இந்தாம்மா, நில்லு"ன்னேன். "அத்த நான் சொல்றேன். அன்னிக்கு நீ திரும்புனப்ப அவன் பக்கத்துல குந்தி இருந்தது நான். எனுக்கும் அவனுக்கும் ஒரு பழய வெளாட்டு கீது..."

உள்ளருந்து ஒரு பொண்ணு கதவத் தொறந்துச்சி. ஏழாம் பெட்டு எழுந்திருக்கப் பாக்கறாரு, ட்யூப்புல கைய வெச்சிட்டாருன்னுச்சி. கலா சிஸ்டரு என் பக்கம் திரும்பவே இல்ல, கால்ல செருப்ப மாத்திகினு கெளம்பிட்டா.

"அவன் லோடு தொங்குதுன்னாம்மா, நான் வெளாட்டுக்கு..."

கதவு தானா மூடிகினுச்சி. கண்ணாடிக்கு அந்தாண்ட அவ முதுகு போவுது, மாமு. மீதி என் வாயிலயே கீது.